காரோ மலைக்கு ஊழியத்துக்குப் போகிறவர்கள் எதை எடுத்துப் போகலாம், எதை வீட்டிலேயே விடலாம்

தம்பி, உங்கள் கேள்வியை வாசிக்கிற மற்றவர்களுக்கும் புரியும்படி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீங்களும் மனைவியும் இரண்டு வயது மகளோடு மேகாலயாவின் தென் காரோ மலைப் பகுதியில் ஒரு விடுதிப் பள்ளிக்கு மிஷனரிகளாகப் போகிறீர்கள். நீங்கள் கணக்கு வாத்தியார், உங்கள் மனைவியான தங்கச்சி விடுதிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். ஜூனில் கிளம்புவதாக இருக்கிறீர்கள். "வெக்கையும் மழையும் சேர்ந்த ஊர் என்கிறார்கள், என்னென்ன வாங்கிக்கொள்ள வேண்டும் அக்கா?" என்று கேட்டு ஒரு நீளமான பட்டியலும் அனுப்பியிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் நர்ஸாக வேலை பார்த்தவள் என்ற உரிமையில் அந்தப் பட்டியலில் பாதியை அடிக்கப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் தேதியைப் பேசுவோம். நம் ஊரில் ஜூனில் பள்ளி திறக்கும் பழக்கத்தில் யோசித்திருப்பீர்கள். மேகாலயாவில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் பெரும்பாலும் பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் வருடத்தை முடிக்கின்றன. ஜூனில் போனால் பாதி வருடம் ஓடிப்போன வகுப்புக்குள் நுழைவீர்கள், கூடவே பருவமழையும் நுழையும். உங்களை அனுப்புகிற மிஷனரிச் சங்கத்தில் ஒத்துக்கொண்டால் நவம்பரிலோ ஜனவரியிலோ போய்ச் சேருங்கள். நவம்பர் அங்கே அறுவடை முடிந்த காலம். காரோ மலையின் பெரிய ஊரான துராவுக்குப் பக்கத்தில் ஆசனாங்கில் நூறு மேளம் சேர்ந்து முழங்கும் வங்காலா விழா அந்த மாதத்தில்தான் நடக்கிறது. பாதை காய்ந்திருக்கும், ஆறு வடிந்திருக்கும். கூரையில் எங்கே ஒழுகும், எந்தச் சுவரில் ஓதம் ஏறும் என்று பார்த்துச் சரிசெய்ய மழைக்கு முன் சில மாதம் கையில் இருக்கும். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தயாரிப்பு வேறில்லை.

மேகாலயா என்றதும் சிரபுஞ்சியை நினைத்துக்கொண்டு கம்பளிகளாக அடுக்குவார்கள். சிரபுஞ்சி இருப்பது காசி மலையில், உயரமான இடம், மழையோடு குளிரும் சேர்ந்தே இருக்கும். காரோ மலை தாழ்வானது. தென் காரோ மலை மாவட்டத்தின் தலைநகரான பாக்மாராவெல்லாம் வங்கதேச எல்லையை ஒட்டி, கிட்டத்தட்ட சமவெளி. ஏப்ரலில் இடியும் சூறைக்காற்றுமாக மாலை மழை தொடங்கும், ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை. சென்னைக்கு வருடத்தில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்றால் அங்கே சாதாரணமாக அதைப்போல் இரண்டு மடங்கு, அதுவும் பெரும்பகுதி நாலைந்து மாதத்துக்குள். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் மட்டும் குளிரும். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், குழந்தைக்கு ஒரு குல்லா போதும்.

நீங்கள் திருநெல்வேலிச் சீமை வெயிலில் வளர்ந்தவர்கள், வெக்கை பழக்கம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வேறு வெக்கை. நம் ஊரில் வேர்த்தால் காற்று உறிஞ்சிக்கொள்ளும், உடம்பு குளிரும். அங்கே காற்றே ஈரமாக இருப்பதால் வேர்வை காயாது, வழியும். முதல் இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தாலே அசதியாக இருக்கும். உடம்பு பழகுவதற்கு அந்த அவகாசம் தேவை. வந்த மறுநாளே கிராமம் கிராமமாக நடக்கிறேன் என்று உற்சாகப்பட வேண்டாம். மோர் இல்லாத ஊர், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் பழகுங்கள்.

இனி சாமான்கள். எதைக் கையில் எடுத்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது நனைந்தால் எத்தனை நேரத்தில் காயும்? நனைவதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை, தினமும் நனைவீர்கள். நனைந்தது காயாமல் கிடப்பதால்தான் துணியில் பூசணம், காலில் சேற்றுப்புண், தொடையிடுக்கில் படர்தாமரை, புத்தகத்தில் மக்கல், கேமரா லென்ஸுக்குள் பூஞ்சை எல்லாம் வருகின்றன. உங்கள் பட்டியலை இந்தக் கேள்வியால் சலித்தால் ஜீன்ஸ் இரண்டும் போய்விடும். மழைக்காலத்தில் ஒரு ஜீன்ஸ் காய மூன்று நாள் ஆகும், மூன்றாம் நாள் போட்டுக்கொண்டால் நாறும். டர்க்கி டவல் போய்விடும். அதற்குப் பதில் நம் ஈரிழைத் துண்டு அரை டஜன் எடுத்துக்கொள்ளுங்கள், பிழிந்து வீட்டுக்குள் கொடியில் போட்டாலும் ராத்திரிக்குள் காய்ந்துவிடும். லுங்கி நல்லது. மெல்லிய பருத்தியோ பாலியஸ்டர் கலந்ததோ நாலைந்து சட்டை, இரண்டு லேசான பேண்ட். உள்ளாடை மட்டும் தாராளமாக, ஆளுக்கு ஒரு டஜன். எலாஸ்டிக் அங்கே சீக்கிரம் இற்றுப்போகும்.

தங்கச்சிக்கு: பட்டுப்புடவை வேண்டாம், ஒன்றுகூட வேண்டாம். ஜரிகை கறுத்துப் பூசணம் பூத்த பிறகு அம்மா வீட்டுக்கு எடுத்து வந்து அழுவதில் பயனில்லை. வழுக்குகிற சரிவில் ஏறி இறங்கச் சுடிதார்தான் வசதி. சபைக்கு இரண்டு மூன்று மெல்லிய சேலை போதும். மாதவிலக்குக்குத் துணி பயன்படுத்துகிறவர் என்றால் மழைக்காலத்தில் அதை வெளியே வெயிலில் காயவைக்க முடியாது, அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டினால் புண்ணாகும். அதற்கு என்ன மாற்று என்று ஊரிலேயே யோசித்து, பழகிவிட்டுப் போகட்டும். இதை யாரும் பட்டியலில் எழுதித் தர மாட்டார்கள், அதனால் நான் எழுதுகிறேன்.

துணி எப்படிக் காய்கிறது என்று அங்கே போய் ஒரு காரோ வீட்டுச் சமையலறையில் பாருங்கள். அடுப்புக்கு மேலே மூங்கிலில் ஒரு பரண் தொங்கும். விறகு, மீன், விதை, ஈரத்துணி எல்லாம் அந்தப் புகைச்சூட்டில்தான் காயும். உங்கள் சட்டையிலும் புகை வாடை வரும், ஒன்றும் ஆகாது. உங்களுக்கு அடுப்பு இல்லை, கேஸ்தான் என்றால் ஒரு இஸ்திரிப் பெட்டி கட்டாயம். கரண்ட் வந்த நேரத்தில் முக்கால் காய்ந்த துணியை, குறிப்பாகக் குழந்தையின் துணியையும் உள்ளாடைகளையும், தேய்த்துவிட்டால் மீதி ஈரமும் போய்விடும்.

காலைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் வந்த வெளியூர் ஊழியர்களில் பாதிப்பேர் காலைக் காட்டிக்கொண்டுதான் வந்தார்கள். தோல் ஷூவை ஊரிலேயே விடுங்கள். வார் வைத்த ரப்பர் சாண்டல் இரண்டு ஜோடி, பின்வார் கட்டாயம், ஹவாய் செருப்பு சேற்றில் வழுக்கி ஆளைத் தள்ளிவிடும். கம்பூட்டை, அதாவது முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸை, அங்கே வாங்குங்கள், அங்கே எல்லாரும் போடுவது அதுதான், அளவும் கிடைக்கும். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி, காய்ந்த பிறகு பவுடர் போடுவது ஜெபம்போல தினப்பழக்கமாக வேண்டும். சேற்றுப்புண்ணோ படர்தாமரையோ வந்தால் வெறும் குளோட்ரிமசோல் களிம்பு போதும், புண் ஆறின பிறகும் இரண்டு வாரம் போடுங்கள். மருந்துக்கடையில் "எல்லாம் சேர்ந்தது" என்று ஒரு களிம்பு தருவார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், நீங்களும் கடைக்காரரை வாழ்த்துவீர்கள். பிறகு அது முன்னைவிட அகலமாகப் படர்ந்து எந்த மருந்துக்கும் அடங்காமல் நிற்கும். ட்யூபின் பின்பக்கம் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அட்டை கடிக்கும், பயப்பட ஒன்றுமில்லை. தீயால் சுடவோ வெடுக்கென்று பிய்க்கவோ வேண்டாம், வாய்ப்பக்கம் நகத்தைக் கொடுத்துத் தள்ளினால் விழுந்துவிடும். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது என்பதால் கொஞ்ச நேரம் கசியும், அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

மூட்டையை எதில் கட்டுவது? தகர டிரங்குப் பெட்டி துருப்பிடிக்கும், அட்டைப்பெட்டி குவஹாத்தியைத் தாண்டாது. சூட்கேஸை அங்கிருந்து கிளம்பும் சுமோ ஜீப்பின் தலையில் கட்டுவார்கள், மேலே ஒரு கிழிந்த தார்ப்பாய் இருந்தால் பாக்கியம். உள்ளே வைப்பதை எல்லாம் முதலில் தடித்த பாலிதீன் பைகளில் போட்டுக் கட்டிவிட்டு, பிறகு சூட்கேஸில் வையுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு, வாய் அகன்ற, வளையம் போட்டு மூடுகிற நீல பிளாஸ்டிக் டிரம் இரண்டு வாங்குங்கள். ஒன்று துணிக்கு, ஒன்று அரிசி பருப்புக்கு. எலி, ஓதம், கரையான் மூன்றுக்கும் அது ஒன்றே பதில். கொசுவலை, கம்பூட், குடை, பக்கெட், தார்ப்பாய் எதையும் இங்கிருந்து சுமக்காதீர்கள், குவஹாத்தி ஃபேன்சி பஜாரிலோ துரா பஜாரிலோ கிடைக்கும். ரெயின்கோட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பைக் ஓட்டினால் வாங்குங்கள். நடப்பதற்கு அது உதவாது, மழை வெளியே நனைப்பதைவிட வேர்வை உள்ளே அதிகம் நனைத்துவிடும். பெரிய கறுப்புக் குடைதான் சரி.

போன், லேப்டாப்புக்கு நல்ல மருந்து தினமும் பயன்படுத்துவதுதான், அதன் சூடே ஈரத்தை ஓட்டிவிடும். பத்திரமாக உறையில் போட்டு அலமாரியில் வைத்ததுதான் முதலில் கெடும். பயன்படுத்தாத நேரத்தில் இறுக்கமாக மூடுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், நிறம் மாறும் வகையாக வாங்கினால் வாணலியில் லேசாக வறுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். பழைய மிஷன் பங்களாக்களில் மர அலமாரிக்குள் ஒரு 40 வாட் குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும். காற்று சூடானால் அதன் ஈரப்பதம் இறங்கும், புத்தகமும் கோட்டும் தப்பிக்கும். இப்போது எல்லாம் எல்.இ.டி. ஆகிவிட்டது, அது சுடாது, அதனால் அந்த உபாயமும் போய்விட்டது. தோல் அட்டை போட்ட வேதாகமத்தை ஊரில் வைத்துவிட்டு, ரெக்சின் அட்டை போட்ட சின்னதை எடுத்துப் போங்கள். சோலார் விளக்கை நம்ப வேண்டாம், ஒரு வாரம் சூரியனே தெரியாது. பவர் பேங்க் இரண்டு, நெற்றியில் மாட்டுகிற டார்ச் ஆளுக்கு ஒன்று. இடி இடிக்கத் தொடங்கினால் பிளக்குகளைப் பிடுங்கிவிடுங்கள். அப்புறம், அந்த ஊர் கிழக்கே இருப்பதால் சூரியன் நமக்கு முன்னே எழுந்து முன்னே அடையும். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். டார்ச் எதற்கு என்று அப்போது புரியும்.

இனி மலேரியா. இதில்தான் உங்கள் பட்டியல் மிகவும் பலவீனமாக இருந்தது: ஓடோமாஸ் இரண்டு ட்யூப், கொசுவத்தி ஒரு டஜன் என்று எழுதியிருந்தீர்கள். காரோ மலையில் பெரும்பாலும் வருவது ஃபால்சிபாரம், மூளையைத் தாக்கக்கூடிய வகை. அதைப் பரப்பும் கொசு மலையடிவார ஓடைகளிலும் காட்டோரத்திலும் வளர்வது, பெரும்பாலும் நீங்கள் தூங்கிய பிறகு, நடுராத்திரியை ஒட்டித்தான் கடிக்கும். சாயங்காலம் கொசுவத்தி ஏற்றி, பத்து மணிக்கு அணைத்துவிட்டுப் படுப்பவருக்கு அதனால் பலனில்லை. மருந்து ஊட்டிய வலைதான் காப்பு. வலையைப் பாய்க்கடியிலோ மெத்தைக்கடியிலோ நான்கு பக்கமும் செருக வேண்டும், தொங்கவிட்டால் வலை இல்லாததற்குச் சமம். அடிக்கடி துவைக்காதீர்கள், துவைத்தால் நிழலில் காயவையுங்கள், வெயிலில் மருந்து போய்விடும். குழந்தை கால் நீட்டி வலையைத் தொட்டபடி தூங்காமல் இருக்கப் பெரிய அளவு வலையாக வாங்குங்கள்.

காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது அங்கே கிடையாது, குழந்தைக்கு என்றால் இன்னும் கிடையாது. கிராமத்துச் சுகாதாரத் தொண்டரான ஆஷா பணியாளரிடமே சொட்டு ரத்தத்தில் பார்க்கும் கிட் இருக்கும், கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஃபால்சிபாரத்துக்கு வடகிழக்கில் 2013 முதல் ஆர்ட்டிமீத்தர்–லூமிஃபான்ட்ரின் என்ற கூட்டு மாத்திரை கொடுக்கிறார்கள், மற்ற மாநிலங்களில் கொடுத்துவந்த கூட்டு அங்கே வேலை செய்யாமல் போனதால். மூன்று நாள், ஆறு வேளை, சாப்பாட்டோடு. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்துவதுதான் நம் ஆட்களின் வழக்கம், நிறுத்தாதீர்கள். வருமுன் காக்கும் மாத்திரை வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள். பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று, கர்ப்பிணிக்கு வேறு. தங்கச்சி கர்ப்பமாக வாய்ப்பிருந்தால் அதையும் சொல்லியே கேட்க வேண்டும், கர்ப்ப காலத்தில் மலேரியா பொல்லாதது.

இன்னொன்று, இதை அனேகர் மறக்கிறார்கள். லீவுக்கு ஊருக்கு வந்த இடத்தில் காய்ச்சல் வந்தால் பாளையங்கோட்டை டாக்டர் டெங்கு, டைபாய்டு என்றுதான் முதலில் யோசிப்பார். "நான் மேகாலயாவிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியா பாருங்கள்" என்று நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும். வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் திரும்பி வரும்.

தடுப்பூசிகளில் டெட்டனஸ், டைபாய்டு, மஞ்சள்காமாலை ஏ, பி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் ஊசியும் உண்டு. ஆஸ்பத்திரி தூரமாக உள்ள இடத்துக்குக் குழந்தையோடு போகிறவர்கள் அதைப் போட்டுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. பல் டாக்டரிடம் கட்டாயம் போங்கள். சொத்தைப் பல்லோடு மழைக்காலத்தில் மலையில் மாட்டிக்கொள்வது பெரிய வேதனை. மூக்குக் கண்ணாடி இரண்டு ஜோடி. பாரசிட்டமால், ஓ.ஆர்.எஸ். வையுங்கள். தெரியாத காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், புரூஃபென் தொடாதீர்கள், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துப் புட்டியில் கொட்டாதீர்கள், நமுத்துப்போகும்.

பாம்பைப் பற்றித் தங்கச்சி பயந்திருக்கிறார். பயம் நியாயம்தான், ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்காகச் செய்தது. வடகிழக்கில் மூங்கில் புதரில் பதுங்கும் பச்சை விரியன் வகைகளுக்கு அது சரியாக வேலை செய்யாது. ஆகவே கடிபடாமல் இருப்பதுதான் வைத்தியம். இருட்டினால் கம்பூட், டார்ச். கழிப்பறை வீட்டுக்கு வெளியே என்றால் போகும் வழியை வெட்டிச் சுத்தமாக வையுங்கள். தரையில் படுக்காதீர்கள், ராத்திரி வீட்டுக்குள் வருகிற கட்டுவிரியனையும் செருகிய வலை தடுக்கும். கடித்துவிட்டால் கட்டவோ கீறவோ வேண்டாம், அசையாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு.

ஆற்றைப் பாம்பைவிடப் பயப்படுங்கள். சிம்சாங் ஆறு காலையில் முழங்கால் அளவு, மேலே மழை பெய்தால் மதியத்துக்குள் ஆளை அடித்துக்கொண்டு போகும். 2014 செப்டம்பரில் வந்த வெள்ளம் காரோ மலையையே புரட்டிப் போட்டது. ஊர்க்காரர் "இன்று கடக்க வேண்டாம்" என்றால் கூட்டம் இருந்தாலும் கூடுகை இருந்தாலும் திரும்பி வாருங்கள். கிளம்பும் முன் நீச்சல் கற்றுக்கொள்ள முடிந்தால் கற்றுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு எளிது. அரிசிச் சோறுதான், மூன்று வேளையும். நாகாம் என்று ஒரு காய்ந்த மீன் எல்லாக் குழம்பிலும் விழும். தூத்துக்குடிப் பக்கத்துக் கருவாட்டு மூக்குக்கு அது ஒரு வாடையே இல்லை, உங்கள் இருவருக்கும் அது பெரிய அனுகூலம். புளி, சாம்பார் பொடி, எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் எடுத்துப் போங்கள். அப்பளமும் வத்தலும் ஒரு மாதத்தில் பூசணம் பிடிக்கும். பொடிகளையும் மொத்தமாகச் சுமக்காமல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கால் கிலோ அளவில் அம்மாவைத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். மாவு சீக்கிரம் புளித்துவிடும், இட்லி நன்றாக வரும். தண்ணீர் மழையில் செம்மண்ணாக வரும். படிகாரம் போட்டுத் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

சில வடகிழக்கு மாநிலங்களுக்குள் நுழைய வெளியூர்க்காரர் வாங்க வேண்டிய இன்னர் லைன் பர்மிட் என்ற அனுமதிச் சீட்டு மேகாலயாவுக்குத் தேவையில்லை. மிசோரம், நாகாலாந்து, அருணாச்சலம், மணிப்பூருக்குத்தான் வேண்டும், அந்தப் பக்கம் பயணம் இருந்தால் முன்பே எடுங்கள். அசல் சான்றிதழ்களை ஊரில் வைத்துவிட்டு நகலும் டிஜிலாக்கரும் போதும், வேலைக்கு அசல் கேட்டால் மட்டும் கொண்டுபோய்க் காட்டித் திரும்ப எடுத்து வாருங்கள். போனதும் ஊர்த் தலைவரான நோக்மாவைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். சபை மூப்பர்களையும்தான். காரோ மக்களில் முதல் இருவர் ஓமெத், ராம்கே 1863-லேயே குவஹாத்தியில் பிரம்மபுத்திராக் கரையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், 1867-ல் ராஜசிம்லாவில் முதல் சபை. இன்று அங்கே பெரும்பான்மை கிறிஸ்தவர்கள். ஊழியம் சொல்லிக்கொடுக்க வந்தவர்போல நடந்துகொள்ளாமல், அவர்கள் பள்ளிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவராகப் போனால் கதவு தானாகத் திறக்கும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பக்கத்து பெஞ்சில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அந்த நேரத்தில் கத்திப் பாடம் நடத்தாமல் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள், பிள்ளைகள் அதற்குப் பழகியவர்கள்.

பயணத்துக்கு விவேக் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரியிலிருந்தே கிளம்பி குவஹாத்தியில் நிற்கும், ஆனால் கேரளா சுற்றி நாட்கணக்கில் ஓடும். குழந்தையோடு என்றால் சென்னை போய் ஏறுவது மேல். குவஹாத்தியிலிருந்து துராவுக்கு சுமோவில் 200 கிலோமீட்டருக்கு மேல், குழந்தை வாந்தி எடுக்கும், முன்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

இதையெல்லாம் வாங்கக் கிளம்பும் முன் பள்ளி விடுதியில் இப்போது இருக்கிற வார்டனுக்கு ஒரு போன் போடுங்கள். சுவர் மூங்கிலா செங்கல்லா, கரண்ட் எத்தனை மணி நேரம், தண்ணீர் எங்கிருந்து, பக்கத்தில் டாக்டர் எங்கே, கழிப்பறை உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நான் எழுதியதும் முரண்பட்டால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு திருத்திய பட்டியலை எனக்கு அனுப்புங்கள், மகளின் எடையையும் சேர்த்து எழுதுங்கள். டாக்டரிடம் போகும் முன் மருந்து விஷயத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்று தனியாக எழுதித் தருகிறேன்.